அரை மீட்டரில் ஊசித்தட்டான்: பென்டாக்ஸ் பாப்பிலியோ பைனாகுலர்

"கைக்கெட்டுற தூரத்துல உக்கார்ற தட்டானுக்கு எதுக்குடா பைனாகுலர்?" என்று அம்மா கேட்டார். அந்தக் கைக்கெட்டும் தூரத்தில்தான் சிக்கலே. பறவை பார்க்க நான் வைத்திருக்கும் 8×42 பைனாகுலரில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ.) இரண்டு மீட்டருக்குள் போனால் எல்லாம் கலங்கிவிடும். பென்டாக்ஸ் பாப்பிலியோ 8.5×21 அரை மீட்டர் வரைக்கும் தெளிவாகக் காட்டுகிறது. ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப முன்பக்க லென்ஸ் இரண்டும் உள்ளே நெருங்கி வருகின்றன, அதனால் அவ்வளவு கிட்டத்திலும் காட்சி இரண்டாகப் பிரிவதில்லை.

போன ஐப்பசியில் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். மஞ்சள் ஊசித்தட்டான் ஜோடி ஒன்று. ஆண் தன் வால்நுனியால் பெண்ணின் கழுத்தைப் பற்றிக்கொண்டு, ஊன்றி வைத்த குச்சி மாதிரி செங்குத்தாக நிற்கிறது, கீழே பெண் வயிற்றை வளைத்து வளைத்து ஆகாயத்தாமரைத் தண்டுக்குள் முட்டை வைக்கிறது. இத்தனை வருடமாகத் தாண்டிப் போன வாய்க்கால் அது! இந்த இனத்துக்கு 1798-இல் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்த அறிவியல் பெயரிலேயே கோரமண்டல், அதாவது நம் சோழமண்டலம், இருக்கிறது: செரியாக்ரியான் கோரமண்டேலியானம்.

அப்புறம் நெல்தாளில் ஒட்டியிருந்த வெற்றுத்தோல். தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்த தட்டான் குஞ்சு மேலே ஏறி, முதுகைப் பிளந்து வெளியே வந்து பறந்துபோன பிறகு மிஞ்சுவது. அந்தப் பிளவில் வெள்ளை நூல் நூலாகத் தொங்குகிறதே, அவை அதன் பழைய மூச்சுக்குழாய்களின் உள்தோல். வெறும் கண்ணுக்குப் பஞ்சு போலத்தான் தெரியும், இதில் ஒவ்வொரு நூலும் தனித்தனியாகத் தெரிந்தது. சின்ன வயதில் வாலில் நூல் கட்டித்தான் தட்டானைப் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். இப்போது தொடவே வேண்டாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

எடை 300 கிராம்கூட இல்லை, நாள் முழுக்கக் கழுத்தில் கிடக்கலாம். ஆனால் 21 மி.மீ. லென்ஸுக்கு அந்தி வெளிச்சம் போதாது, காலையில் போங்கள். மழையில் நனைக்கக் கூடாது. மழைக்காலத்தில் தலைக்கு மேல் கூட்டமாகச் சுற்றும் தட்டான்கள் (கடல் தாண்டி மாலத்தீவு வரை போகிறவை) எதில் பார்த்தாலும் நிற்காது, அதற்கு வெறும் கண்ணே மேல்.

நான் வாங்கிய ஆன்லைன் கடை நசுங்கிய பெட்டியில், உறை இல்லாமல் அனுப்பியது; உறை வந்துசேர மூன்று வாரம் ஆனது. வந்ததும் பிரித்துச் சரிபாருங்கள்.

கை கொஞ்சம் ஆடும் என்றால் 6.5×21 எடுங்கள், படம் நிலையாக நிற்கும். நான் மறுபடி வாங்கினாலும் 8.5-தான், அந்த வெள்ளை நூலுக்காகவே.