மல்லாவி வீட்டுக்கு ஸ்டார்லிங்க்: ரொறொன்ரோவிலிருந்து பத்து மாதம் காசு கட்டிய அனுபவம்

போன வருடம் வரை அப்பாவோடு வாட்ஸ்அப்பில் கதைக்க வேண்டுமென்றால் அவர் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். கிணற்றடியைத் தாண்டி, படலைக்குப் பக்கத்தில் நிற்கும் வேம்பின் கீழ் போய் போனை நெற்றி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் இரண்டு கோடு சிக்னல் வரும். முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் மல்லாவியின் சந்தியில் சிக்னலுக்குக் குறைவில்லை. எங்கள் வீடு உள்ளே, வயல் பக்கம். மழை பெய்தால் அன்றைக்குக் கதை இல்லை. தங்கச்சியின் மகள் உயர்தரம் படிக்கிறாள். சூம் வகுப்பு நடக்கும்போது அவளும் அதே வேம்பின் கீழ்தான் கதிரை போட்டு இருப்பாள்.

செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு இலங்கையில் 2024 ஆகஸ்டில் உரிமம் கொடுத்தார்கள். 2025 ஜூலை 2 அன்று சேவை தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியில் நான் இங்கிருந்தே ஓடர் போட்டேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு எடுக்க நினைப்பவர்கள் பலர் என்னிடம் கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கனடாவில் ஸ்டார்லிங்க் பெட்டியை (வானத்தைப் பார்த்து வைக்கும் டிஷ், றவுட்டர், கேபிள்) வாங்கிப் பயணப் பையில் வைத்துக் கொண்டுபோகலாமே என்று எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. செய்யாதீர்கள். கனடாக் கணக்கில் உள்ள டிஷ்ஷை ரோமிங் திட்டத்தில் வேறு நாட்டில் பாவிக்கலாம். ஆனால் அது பயணத்துக்கான திட்டம், இரண்டு மாதத்துக்கு மேல் ஓர் இடத்தில் நிரந்தரமாக வைத்திருப்பதற்கானது அல்ல. அதோடு வானொலி அலையில் வேலை செய்யும் கருவியை இலங்கைக்குள் கொண்டுபோகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். வீட்டுக்கு என்றால் இலங்கை முகவரியில் இலங்கைக் கணக்கைத் திறந்து, அங்கேயே பெட்டியை இறக்குவதுதான் சரியான வழி.

கணக்குத் திறக்கும்போது முகவரியில்தான் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. "கோயிலுக்குப் பின்னாலே, மூன்றாவது படலை" என்றால் தபால்காரருக்குத் தெரியும், இணையப் படிவத்துக்குத் தெரியாது. அதனால் வரைபடத்தின் செய்மதிப் படத்தில் மாங்குளத்திலிருந்து மேற்கே தொடங்கி, சந்தி, கோயில், ஒழுங்கை என்று விரலால் நடந்து போனேன். மாமரத்தின் கருமையான வட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டுக் கூரை தெரிந்தது. பதினாறு வருடத்தில் வீட்டை மேலேயிருந்து பார்த்தது அன்றுதான். அந்த இடத்தின் ப்ளஸ் கோட்டை, அதாவது வரைபடம் ஒவ்வோர் இடத்துக்கும் தரும் குறியீட்டை, எடுத்து முகவரியில் போட்டேன். ஏற்றுக்கொண்டது. கூரியருக்கு அப்பாவின் போன் இலக்கத்தையும், கணக்குக்கு என் மின்னஞ்சலையும் கொடுத்தேன்.

நான் வாங்கியபோது பெட்டி 118,000 ரூபா. மாதக் கட்டணம் வீட்டுக்கான முழுத் திட்டத்துக்கு 15,000, லைட் திட்டத்துக்கு 12,000. லைட் என்றால் டேட்டாவுக்கு எல்லை இல்லை, ஆனால் நெரிசலான நேரத்தில் முழுத் திட்டக்காரருக்குப் பிறகுதான் நமக்கு. நான் லைட் எடுத்தேன். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அது தாராளம். இரவு எட்டு மணிக்குக்கூட வீடியோ அழைப்பு தடைப்பட்டதில்லை.

இனிக் காசு கட்டும் விஷயம். கணக்கு இலங்கையுடையது என்பதால் பில் ரூபாவில்தான் வரும், எந்த நாட்டு அட்டையைப் போட்டாலும். என் கனடா கிரெடிட் கார்ட்டைப் போட்டேன், எடுத்துக்கொண்டது. ரூபா டாலராக மாறி, அதன் மேல் வங்கியின் வெளிநாட்டு நாணயக் கட்டணம் இரண்டரை வீதம் ஏறும். 12,000 ரூபாவுக்கு அது 300 ரூபா. மாதம் சுமார் 56 கனடா டாலர் என் கணக்கில் விழுகிறது. மாதாந்தம் அது சின்னத் தொகை என்றாலும், பெட்டி வாங்கும் நாளில் அதே இரண்டரை வீதம் ஏறத்தாழ 3,000 ரூபா. வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத அட்டை கையில் இருந்தால் அன்றைக்காவது அதை எடுங்கள்.

முதல் தடவை என் வங்கி அந்தக் கொடுப்பனவை மறித்தது. கனடாவில் இருக்கும் அட்டைக்கு இலங்கை ரூபாவில் ஒரு பெரிய தொகை வந்ததும் சந்தேகப்பட்டுவிட்டார்கள். அழைத்துச் சொன்னபிறகு விட்டார்கள். அதை நான் குறையாக எடுக்கவில்லை. உண்மையான சிக்கல் பெப்ரவரியில் வந்தது. அதே வங்கி என் அட்டையை இரத்துச் செய்து புதியது அனுப்பியது. மற்றக் கட்டணங்கள் எல்லாம் தானாகப் புதிய இலக்கத்துக்கு மாறியதால் இதுவும் மாறும் என்று நினைத்துவிட்டேன். மாறவில்லை. கொடுப்பனவு தவறியது, மின்னஞ்சல் வந்தது, அதை நான் பார்க்கவில்லை. சில நாளில் இணைப்பு நின்றது.

இங்கே ஞாயிறு விடியப்புறம் மூன்று மணி. அப்பா பழையபடி வேம்பின் கீழ் போய் நின்று சாதாரண அழைப்பு எடுத்தார். "தம்பி, பெட்டியில ஒரு பிழையும் இல்லை, லைட் எரியுது, ஆனா ஒண்டும் வருதில்லை. நீ காசு கட்டினனியோ?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. மகனுக்கு ஏதும் கஷ்டமோ என்ற பயம்தான் இருந்தது. எழும்பிப் புது அட்டையைப் போட்டேன், கொஞ்ச நேரத்தில் இணைப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இப்போது பில் நாளுக்கு மூன்று நாள் முன்பு என் போனில் மணி அடிக்கும். அட்டை மாறினால் அன்றைக்கே கணக்கில் மாற்றுகிறேன்.

பக்கத்து வளவில் ஒரு குடும்பம் வேறு வழியில் எடுத்தது. பிரான்ஸிலிருந்து மகன் காசு அனுப்ப, ஊரில் ஒருவர் தன் பெயரிலேயே கணக்குத் திறந்து டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்தார். மாதாமாதம் காசு அவரிடம் போகும். நான்காம் மாதம் அவர் கட்டவில்லை. இவர்களிடம் கடவுச்சொல்லும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. கூரையில் இருக்கும் சொந்தப் பெட்டியை இயக்க முடியாமல் ஆறு வாரம் இருந்தார்கள். யார் காசு கட்டுகிறாரோ அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் கணக்கு இருக்க வேண்டும். இதை எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

பூட்டிய கதை சுருக்கம்தான். டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும். செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் போதாது. தங்கச்சியின் மகள் போன் கமராவால் வானத்தைச் சுற்றிக் காட்ட, மாமரம் மறைக்கிறது என்று ஸ்டார்லிங்க் ஆப் சொன்னது. முற்றத்தின் மறுபக்கம் இரும்புக் குழாய் ஒன்றை நட்டு அதன் மேல் ஏற்றினார்கள். பெட்டியோடு வரும் கேபிள் 15 மீற்றர், மட்டுமட்டாகக் காணும். குரங்குகள்தான் பெரிய தொல்லை. முதல் வாரமே கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடின. அப்பா அதைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்குள் தாட்டுவிட்டார். இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். பெருமழையில் ஐந்து, பத்து நிமிடம் நிற்கும், பிறகு தானாக வரும்.

மின்சாரச் செலவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிஷ்ஷும் றவுட்டரும் சேர்ந்து 75 முதல் 100 வாட் எடுக்கும். இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் மாதம் குறைந்தது 54 அலகு. இலங்கையில் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும் என்பதால், குறைவாகப் பாவிக்கும் வயோதிபர் வீட்டில் இந்த 54 அலகு பில்லை வேறு படிக்குத் தள்ளிவிடும். முதல் பில் வந்தபோது அம்மா எனக்குச் சொல்லாமல் அப்பாவைத்தான் ஏசினாராம். இப்போது இரவு பத்துக்கு நிறுத்தி விடிய ஐந்துக்குப் போடுகிறார்கள். 38 அலகு அளவில் நிற்கிறது. மாதக் கட்டணத்தோடு இந்தக் காசையும் சேர்த்து அனுப்புங்கள்.

அதற்கு முன், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். 28ஆம் தேதி விடிந்தபோது மின்சாரம் இல்லை, ஊரில் எந்த சிம்மும் வேலை செய்யவில்லை. அப்பாவிடம் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு வைத்திருந்த பன்னிரண்டு வோல்ட் பற்றறியும் ஒரு சின்ன இன்வேர்ட்டரும் இருந்தன. எனக்கு அது தெரியாது. கணக்கு என்னுடையது என்பதால் டிஷ் ஓடுகிறதா என்பதை இங்கே என் போனில் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்க ஆஃப்லைன், ஆஃப்லைன் என்றே காட்டியது. வேலையிடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். இரவு எட்டரை மணிக்கு அந்தச் சொல் ஆன்லைன் என்று மாறியது. அழைப்பு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பா உயிரோடு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று.

காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று ஐந்து நாள் ஓட்டினார்கள். அந்த நேரத்தில் அயலில் உள்ளவர்கள் எங்கள் விறாந்தையில் வரிசையாக வந்து இருந்தார்கள். சுவிஸில் மகள், லண்டனில் தம்பி, கொழும்பில் பேரன். ஆளுக்கு இரண்டு நிமிடம். "இருக்கிறம், ஒண்டுக்கும் யோசியாதை" என்ற அதே வசனம்தான் பெரும்பாலும். உயர்தரப் பரீட்சை பாதியில் நின்று, மிச்சப் பாடங்கள் ஜனவரியில்தான் நடந்தன. அந்த இடைவெளியில் தங்கச்சியின் மகள் வகுப்புகளை வீட்டுக்குள் மேசையில் இருந்து கேட்டாள்.

நல்ல ஃபைபர் இணைப்பு வாசல் வரை வரும் இடத்தில் உங்கள் வீடு இருந்தால் இந்தக் காசு தேவையில்லை. யாழ்ப்பாண நகருக்குள் இருக்கும் மாமி கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். எங்களைப் போல உட்கிராமம் என்றால் எடுங்கள், ஆனால் பழைய சிம்மை நிறுத்திவிடாதீர்கள். பெப்ரவரியில் இணைப்பு நின்ற அன்று அப்பா என்னை எழுப்பியது அந்த சிம்மால்தான்.

அடுத்த மாரிக்கு முன் 100 ஆம்பியர்-மணி பற்றறி ஒன்று வாங்க வேண்டும். மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் விலை கேட்கச் சொல்லித் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறேன்.