பலூ தம்பி: ஓட்டோவுக்குச் சரி, அந்தியேட்டிக்குச் சரிவராது

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஸ்டிக்கர் வெட்டி, பனர் அடிக்கிற சின்னக் கடை என்னுடையது. இரண்டு வருடமாக நான் அதிகம் பாவிக்கிற எழுத்துரு ‘பலூ தம்பி 2’. கடைக்கு வருகிறவர்களுக்கு அதன் பெயர் தெரியாது. “அந்தக் கொழுத்த எழுத்தில போடுங்கோ அக்கா” என்றுதான் கேட்பார்கள்.

மும்பையில் இருக்கிற ஏக் டைப் என்ற குழு செய்தது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே குடும்பமாகச் செய்து, அநேகமானவற்றுக்கு ஒரு முறைப்பெயர் வைத்திருக்கிறார்கள். மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, எங்களுக்குத் தம்பி. கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் கடை வேலைக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். முதலில் வந்த பலூ தம்பியில் ஒரே தடிப்புத்தான். இரண்டாவதில் ரெகுலர் தொடங்கி எக்ஸ்ட்ரா போல்ட் வரை ஐந்து இருக்கிறது.

வடிவாக இருக்கிறது என்பது எனக்கு இரண்டாவது காரணம். வன்னி வெயிலில் வாகனத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் முதலில் கிளம்புவது எழுத்தின் கூர்மூலையில்தான். அதற்குள் செம்மண் புழுதி போய்விட்டால் அடுத்த மாரியைக் காணாது. இந்த எழுத்துக்கு நுனியெல்லாம் மழுங்கல், கிளம்புவதற்கு மூலையே இல்லை. ஸ்டிக்கர் வெட்டுகிற பிளொட்டரின் கத்தியும் வளைவில் தடக்காமல் ஓடும். ஓட்டோவின் பின்கண்ணாடியில் வெள்ளை நிறத்தில் ஒட்டிவிட்டு, வீதியைக் கடந்து மற்றப் பக்கம் நின்று பார்த்தேன். விண்டோஸில் வருகிற ‘லதா’ எழுத்துருவில் வெட்டியிருந்தால் அந்தத் தூரத்தில் கோடு மட்டும்தான் தெரிந்திருக்கும். இது கண்ணில் வந்து நிற்கிறது.

என் மாமா போர்ட் எழுதுகிறவர். 2010இல் நாங்கள் மீளக்குடியேறி வந்த நேரம், தகரத்தில் இனாமல் பெயின்டால் எத்தனையோ கடைகளுக்குப் பெயர் எழுதினார். கொம்பியூட்டர் எழுத்து என்றாலே முகத்தைச் சுளிப்பவர். இதைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘க’வையும் ‘த’வையும் கனநேரம் பார்த்தார். “இது முழு உருண்டை இல்லைப் பிள்ளை. உள்ளுக்கை ஒரு இழுப்புக் கிடக்கு” என்றார். உண்மைதான். குழாயை வளைத்தது போல ஒரே தடிப்பில் போகாமல், வளைவுக்குள் கையெழுத்தின் சாடை கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தடிப்பிலும் எழுத்து மொக்காகத் தெரிவதில்லை.

சரி, வில்லங்கம் ‘ண’வில். இருசில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரின் பெட்டியில் தண்ணீர்த் தாங்கி ஏற்றி விற்கிற ஒரு அண்ணைக்குக் ‘குடிதண்ணீர்’ என்று வெட்டினேன். எக்ஸ்ட்ரா போல்ட், இரண்டு அங்குல உயரம். ‘ண’வின் சுழிகளுக்குள் மிஞ்சிய ஓட்டை அரிசிமணி அளவுகூட இல்லை. ஒவ்வொன்றையும் ஊசியால் கிண்டி எடுக்க வேண்டியிருந்தது. ‘ணீ’யில் ஒரு சுழி உரிபடாமல் அடைத்துக்கொண்டது, நான் கவனிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அது ‘னீ’. மூன்று சுழி, இரண்டு சுழி என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியெல்லாம் ஞாபகம் வந்தது. இப்போது மூன்று அங்குலத்துக்குக் கீழே என்றால் செமி போல்ட்தான்.

எழுத்து அகலமானது என்பதையும் சொல்லவேண்டும். ‘சுத்திகரிக்கப்பட்ட’ என்ற ஒரு சொல்லே பெட்டியின் பக்கத்தை முடித்துவிடும். இடம் காணாதென்று பக்கவாட்டில் நெரித்தால் உருட்சி கெட்டு, அமத்திப்பிடித்த வடை மாதிரி ஆகிவிடும். சொல்லைக் குறையுங்கள், எழுத்தை நெரிக்காதீர்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு வருகிறவர்கள் கவனிக்கவேண்டும், இது யூனிகோட். பாமினி வரியை அப்படியே இதற்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு இடம்மாறி நின்றால் அதற்கும் இந்த ஃபொன்டில் பழி போடவேண்டாம், செற்றிங்கில் தென்னாசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றவேண்டும். நான் இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் அடிக்கிறேன், அந்தக் கரைச்சலே இல்லை. எனக்கு உள்ள பெரிய மனக்குறை சிங்களம். இந்தக் குடும்பத்தில் சிங்களத்துக்கு ஆள் இல்லை. மும்மொழிப் போர்ட் வந்தால் தமிழும் ஆங்கிலமும் அண்ணன் தம்பி மாதிரி நிற்க, நடுவில் சிங்களம் வேறு வீட்டுப் பிள்ளை.

ஒருமுறை பெரிய பிழை விட்டேன். அவசரத்தில் முதல்நாள் செய்த கூல்பார் பனரின் ஃபைலிலேயே ஒரு கண்ணீர் அஞ்சலியை அடித்துவிட்டேன். ஃபொன்டை மாற்ற மறந்துபோனேன். வாங்க வந்த ஐயா விரித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். பிறகு மெதுவாக, “பிள்ளை, அம்மான்ர பேர் பலூன் மாதிரிக் கிடக்கு” என்றார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் போலிருந்தது. காசு வாங்காமல் அன்றிரவே வேறு எழுத்தில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு அவர் வீட்டு அழைப்பும் பிறகு என்னிடம்தான் வந்தது. அதற்கு மெல்லிய எழுத்து ஒன்றை நானே எடுத்துவைத்து, மூன்று தரம் சரிபார்த்தேன்.

அடுத்த கிழமை ஒரு முன்பள்ளிச் சுவர் இருக்கிறது. எக்ஸ்ட்ரா போல்ட், ஒரு அடி உயரம். அந்த அளவில் ‘ண’வுக்கும் மூச்சுவிட இடமிருக்கும்.