மாங்கன்று டேக்கில் எழுதத் தண்ணீர் மை: சந்தூர் நர்சரியில் சில வருட அனுபவம்

கன்றில் ரகப் பெயர் எழுதிக் கட்டும் டேக்கில், வெயிலும் மழையும் படும்போது, தண்ணீரில் காய்ச்சிய மை நிற்குமா என்று பலரும் கேட்கிறார்கள். நிற்கும். கடையில் பர்மனென்ட் என்று விற்கும் மார்க்கரைவிட நன்றாகவே நிற்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று போடும் எங்கள் தோட்டத்தில் சில வருடங்களாக மையை நாங்களே காய்ச்சி, மார்க்கரிலும் பேனாவிலும் ஊற்றி எழுதுகிறோம்.

எங்கள் தொழிலில் எழுத்து அழிந்தால் அது பெரிய விஷயம். கன்றாக இருக்கும்போது மா ரகங்களில் செந்தூரா எது, நீலம் எது, பெங்களூரா எது என்று இலையைப் பார்த்துச் சொல்ல எல்லாராலும் முடியாது. காய் பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். வேறெங்கோ கன்று வாங்கிய மத்தூர்க்காரர் ஒருவர் எங்களிடம் வந்து, “அண்ணா, டேக்குல எழுத்தே காணோம், இது என்ன ரகம்னு பாத்துச் சொல்லுங்க” என்று நின்றார். காய்க்கிற வரைக்கும் பொறுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது.

சாதாரண மார்க்கரில் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்த சாயம்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் நன்றாக ஒட்டும், தண்ணீருக்கும் அசையாது. ஆனால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் சாயத்தின் மூலக்கூறையே உடைத்துவிடும். சித்திரை வெயிலைத் தாண்டும்போது கருப்பு ஊதாவாகி, ஊதா வெறும் நிழலாகிவிடுகிறது. கரி அப்படி இல்லை. அது கரையாத துகள், வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. அதனால் நிறத்துக்குக் கரி என்று முடிவானது. அதை டேக்கில் பிடித்து வைக்கும் பசை எது என்பதுதான் மீதிக் கேள்வி.

கருவேலம் பிசின் நல்ல பசைதான், ஆனால் ஒரு மழையில் கரைந்து போகும். எங்களுக்குக் கைகொடுத்தது அரக்கு. மர பாலிஷுக்கு விற்கிறார்களே, அந்தச் செதில் அரக்கு. அது வெறும் தண்ணீரில் கரையாது, வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்தால் கரையும். 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் அரக்கு, 2.5 கிராம் வெண்காரம். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, கொதிக்க விடாமல் கிளறினால் பழுப்பு நிறத்தில் கரைந்து வரும். ஆறியதும் அடியில் தங்கும் மெழுகை விட்டுவிட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும்.

அப்புறம் கரி. விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த புகைக்கரியைக் கொட்டினால் அது தண்ணீர் மேல் மிதக்கும். மருந்து அரைக்கும் கல்வத்தில் போட்டு, அரக்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைத்தால்தான் துகள் பிரிந்து கலக்கும். முழு வேலையிலும் நேரம் பிடிப்பது இதுதான், இதில் அவசரப்பட்டால் மை முனையில் அடைக்கும். ஒரு சொட்டைத் தாளில் விட்டுப் பாருங்கள். ஓரம் வரை ஒரே கருப்பாகப் பரவினால் போதும், நடுவில் மணல் போலத் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். அவசரத்துக்குப் பெயின்ட் கடையில் நிறம் கூட்ட விற்கும் கருப்பு ஸ்டெய்னரும் ஆகும், ஆனால் எனக்கு அரைத்த கரியில்தான் திருப்தி.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது.  போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அரக்கைத் திரித்துவிடும், கரித் துகளையும் கட்டியாக்கி அடியில் இறக்கிவிடும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், இரண்டில் ஒன்றுதான் சரி.

மார்க்கருக்கு, முனையை அமுக்கினால் மை இறங்கும் காலி மார்க்கர்கள் கிடைக்கின்றன. உள்ளே ஒரு குண்டு இருக்கும், குலுக்கினால் கரி கலங்கும். முனை காயாமல் இருக்க 100 மில்லி மைக்கு 4 மில்லி கிளிசரின் சேர்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் இதைப் பாதியாகக் குறைத்துவிடுவோம், ஏனென்றால் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து எழுத்தைப் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். முனை காய்ந்து போனால் வெதுவெதுப்பான வெண்காரத் தண்ணீரில் ஊறவைத்தால் திறந்துகொள்ளும்.

வழவழப்பான பிளாஸ்டிக் டேக்கில் தண்ணீர் மை முத்து முத்தாக உருண்டு ஓடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு எழுதினால் பிடித்துக்கொள்ளும். எழுதியதை ஒரு ராத்திரி காய விடுங்கள். அப்படிக் காய்ந்த எழுத்து இரண்டு கோடையையும் நடுவில் வந்த மழையையும் தாங்கியிருக்கிறது. இதன் பலவீனம் காரம். சோப்புத் தண்ணீர் பட்டாலும், பூஞ்சைக்கு அடிக்கும் மயில்துத்தம்-சுண்ணாம்புக் கரைசலான போர்டோ கலவையில் சுண்ணாம்பு தூக்கலாகி அது பட்டாலும் எழுத்து இளகும். மருந்து அடிக்கும் நாளில் டேக்கைத் திருப்பி விடுகிறோம்.

கணக்கு நோட்டுக்குக் கடுக்காய் மை. மூன்று பங்கு கடுக்காய்த் தோலை மழைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடித்து, ஒரு பங்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) சேர்த்தால் ஆச்சு. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டதும் கருத்து, தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். நோட்டு நனைந்தாலும் எழுத்து போகாது. அன்னபேதியைக் கூட்டினால் மை பழுப்பாகும், நாளடைவில் தாளையும் தின்னும். இது புளிப்பு மை என்பதால் இரும்பு நிப்பை அரிக்கும், பேனாவை அடிக்கடி கழுவ வேண்டும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காய்ச்சுகிறோம். அரக்கு மையை மட்டும் ஊற்றுப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்தால் பேனா போச்சு.

இரண்டுமே வீட்டுக்குள் உட்கார்ந்து எழுத நெடி இல்லாதவை. காலி மார்க்கரைக் குப்பையில் போடும் வேலையும் குறைந்துவிட்டது. ஆனாலும் வெண்காரம் கலந்த கழுவு தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றுவதில்லை. வெண்காரத்தில் இருக்கும் போரான் கொஞ்சம் கூடினாலே இலை ஓரம் கருகும். குழந்தைகள் கைக்கு எட்டாமலும் வையுங்கள்.

சிவப்புக்கு இப்போது காவிக் கல்லை அரைத்து அரக்கில் கலக்கிறோம். வெயிலில் நிறம் துளியும் மாறவில்லை, ஆனால் துகள் கனம் என்பதால் மார்க்கரில் சீக்கிரம் படிந்துவிடுகிறது. அதனால் ஒட்டுக் கட்ட அடியாக வளர்க்கும் வேர்க்கன்று வரிசைக்குக் குறி போடும்போது மட்டும், தூரிகையால் தொட்டு வைக்கிறோம்.