வேலை, வயிற்றில் பிள்ளை, ஒரு மட்டக்குதிரை: எங்கள் லாயம் பற்றி

இங்கிலாந்தில் சொந்தமாக மட்டக்குதிரை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய், வயிற்றில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘பார்ட் லிவரி’ எடுக்கலாம். அதாவது, குதிரையை லாயத்தில் விட்டுவிட்டு, பராமரிப்பில் ஒரு பகுதியை லாயத்துக்காரர்களே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. முன்பு இருந்த லாயத்தில் வாடகை குறைவு, ஆனால் தீனி, தண்ணீர், சாணம் எல்லாம் நம் தலையில்தான். ஏழாம் மாதத்தில் உலர்புல் கட்டைத் தூக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை.

இப்போதைய லாயத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை எல்லாம் லாயத்துக்காரர்களே. சனி, ஞாயிறு நம் பொறுப்பு.

எங்களுடையது ஷெட்லாண்ட் என்ற குட்டை இன மட்டக்குதிரை. வசந்தகால இளம்புல்லை இஷ்டத்துக்கு மேய விட்டால் லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி வந்துவிடும். குளம்பு வலியில் நடக்கவே முடியாது. இவர்கள் சொல்லாமலே வாய்க்கூடு மாட்டித்தான் மேய விடுகிறார்கள். உலர்புல்லை ஊறவைத்து, சர்க்கரையைக் குறைத்துப் போடுகிறார்கள். தினமும் குளம்பைத் தொட்டுச் சூடு பார்த்து எனக்குச் செய்தி வந்துவிடும். அலுவலகத்தில் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேலையே ஓடும்.

பக்கத்துக் கொட்டகையில் செம்மறிகள் குட்டி போடும் பருவம். அதில் வரும் தொற்று கருவைக் கலைக்கக்கூடும் என்று என்னை வாசலிலேயே நிறுத்தி, குதிரையை அங்கே கொண்டுவந்து காட்டினார்கள். இந்த அக்கறைக்கே எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ஒரு குறை: 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வரும்போது, குதிரையைப் பிடித்து நிற்கத் தனிக் கட்டணம். பிரசவ மாதங்களுக்கு மட்டும் சனி, ஞாயிறையும் சேர்த்துத் தருவார்கள். அதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.