தொட்டி மோட்டாரும் செட்டிநாட்டு உப்புத் தண்ணீரும்: நாலு கோடைக்குப் பிறகு

பின்கட்டு மீன் தொட்டியில் ஓடும் 40 வாட்ஸ் மோட்டாருக்கு இரண்டாவது தடவையாக ரோட்டர் (உள்ளே இறக்கையோடு சேர்ந்து சுற்றும் காந்தம்) மாற்றியாயிற்று. "அண்ணே, இதையே வாங்கலாமா?" என்று காரைக்குடிப் பக்கம் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் என் கோபம். கூட வந்த கையேட்டில் உறைபனிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். குளிருக்கு முன் மோட்டாரை எடுத்துவிடு, குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடு என்று. சரியான யோசனைதான். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், குழாய் வெடிக்கும். கொடைக்கானலில் தொட்டி வைத்திருப்பவருக்கு உதவும். போர் தண்ணீரில் உப்புப் படிவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இங்கே மோட்டாரைக் கொல்வது அதுதான்.

தொட்டி 10க்கு 6 அடி. ஒரு சென்டிமீட்டர் வற்றினால் 56 லிட்டர் போய்விடும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மறுபடி போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். எங்கே சூடு அதிகமோ அங்கே அந்த உப்பில் இருக்கும் சுண்ணாம்பு முதலில் படியும். மோட்டாரில் அது ரோட்டர் உட்காரும் குழி.

ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதுதான் மாட்டிக்கொள்ளும். ரோட்டர் துடிக்கும், சுற்றாது. 'உர்ர்' என்று ஒரு முனகல் மட்டும் கேட்கும். தண்ணீர் வராது, காயிலில் மின்சாரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

மாதம் ஒரு தடவை கழுவினால் இந்த நிலை வராது. முன்மூடியைத் திருப்பிக் கழற்றி, ரோட்டரை இறக்கையைப் பிடித்து விரலால் இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் குறடு போடாதீர்கள். நடுவில் இருக்கும் செராமிக் தண்டு சுண்ணாம்புக்குச்சி மாதிரி ஒடிந்துவிடும். முதல் ரோட்டர் போனதே அப்படித்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 30 கிராம் எலுமிச்சை உப்பைக் (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, ரோட்டரும் குழியும் நனையும்படி ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். முதலில் நுரைக்கும். நுரை அடங்கினால் படிந்த சுண்ணாம்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம். பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கக்கூஸ் ஆசிட் மட்டும் வேண்டாம், மிச்சம் தொட்டியில் கலந்தால் மீன் செத்துவிடும். தண்டின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் புஷ் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். இல்லையென்றால் கடகடவென்று சத்தம் வரும்.

மோட்டாரை அடியில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். செம்மண் சேறு ஏறாது. குழாய் கழன்று தண்ணீரெல்லாம் வெளியே போனாலும் மீனுக்கு அரை அடித் தண்ணீர் மிஞ்சும். மோட்டார் பக்கத்திலேயே ஒரு யூனியன் (திருகிக் கழற்றும் குழாய் இணைப்பு) போட்டால் ஒவ்வொரு தடவையும் குழாயை அறுக்க வேண்டாம். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும், அதற்கு வெள்ளை எமல்ஷன் அடித்துவிடுங்கள். வயர் இணைப்பு எதுவும் தண்ணீருக்குள் கூடாது. மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும்.

மோட்டாரில் குறை சொல்ல அதிகம் இல்லை. சத்தமில்லை, இருபத்துநாலு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள்தான். ஆனால் தண்டு மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு ரோட்டரையே வாங்கு என்கிறார்கள். அது மோட்டார் விலையில் பாதி. அதனால் இன்னொரு தடவை இதை வாங்க மாட்டேன்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள். கத்திரி வெயிலில் தொட்டியை நிரப்ப அந்தத் தண்ணீரையே எடுங்கள், பாதித் தொட்டிக்குத் தென்னங்கீற்றும் போடுங்கள்.