புதிய செவிலியர் பயிற்சிக்கு மூடுல்: 6 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தனியார் மருத்துவமனை ஒன்றில், புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியைக் கடந்த 6 ஆண்டுகளாக மூடுல் என்ற மென்பொருளின் வழியாக நடத்தி வருகிறோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட கற்றல் மென்பொருள் இது. கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால் இதற்கு உரிமத் தொகை இல்லை. கல்லூரிகளில் பலருக்கும் பழக்கமான இதை வார்டுக்குக் கொண்டுவந்தபோது எது உதவியது, எது உதவவில்லை என்பதை, இதே யோசனையில் இருக்கும் மருத்துவமனைகளுக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஓரியன்டேஷன், அதாவது புதியவர்களுக்கான அறிமுகப் பயிற்சி என்றால் 3 நாள் கூட்டம். தொற்றுக் கட்டுப்பாடு, மருந்துப் பாதுகாப்பு, தீ விபத்து, மருத்துவக் கழிவுப் பிரிப்பு என்று துறைக்கு ஒருவராக வந்து ஸ்லைடு காட்டிவிட்டுப் போவோம். கடைசி நாள் மாலை வருகைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் காலை வார்டுக்கு அனுப்பிவிடுவோம். இதில் பெரிய சிக்கல், ஆட்கள் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை என்பதுதான். மாத நடுவில் சேர்ந்தவர், அடுத்த கூட்டம் கூடும் வரை ஓரியன்டேஷன் இல்லாமலே டியூட்டி பார்த்துக்கொண்டிருப்பார். சேர்ந்த அன்றே கைப்பேசியில் பாடங்களைத் தொடங்கலாம், ஒரு பாடத்தின் தேர்வில் தேறினால்தான் அடுத்தது திறக்கும் என்ற ஏற்பாட்டை மென்பொருளில் செய்ததும் இந்தச் சிக்கல் முதல் மாதத்திலேயே தீர்ந்தது.

ஆனால் நான் இதை இன்றுவரை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டும் ஒரு புள்ளிவிவர அறிக்கை இதில் உண்டு. முதல் ஆண்டில் அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத் திருப்தி அடைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் தற்செயலாகத் திறந்தபோது இன்சுலின் பற்றிய கேள்வி ஒன்று கண்ணில் பட்டது. நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினும் உண்டு, 100 யூனிட் கொண்டதும் உண்டு. சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச் முன்னதற்கு, ஆரஞ்சு மூடி போட்டது பின்னதற்கு. 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் நோயாளிக்கு எவ்வளவு போகும் என்பதே கேள்வி. விடை 8 யூனிட். பெரும்பாலோர் 20 என்றே குறித்திருந்தார்கள். மாற்றிச் செய்தால், அதாவது 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், 50 யூனிட் போய்விடும். இரத்தச் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனை பேர் சேர்ந்தாற்போல் ஒரே தவறான விடையைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாங்கள் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எங்கள் ஸ்லைடில் இருந்தது ஒரே ஒரு சிரிஞ்சின் படம். அன்றிலிருந்து இரண்டு சிரிஞ்சுகளையும் இரண்டு குப்பிகளையும் மேசையில் வைத்து, ஒவ்வொருவரையும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பழக்குகிறோம். 3 நாள் கூட்டத்தில் 10 ஆண்டுகள் பேசியும் எனக்குத் தெரியாமல் இருந்த குறை இது.

நாங்கள் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில், எல்லாப் பாடத்துக்கும் பச்சைக் குறி விழுந்துவிட்டால் ஓரியன்டேஷன் முடிந்தது என்று கணக்கு வைத்தோம். நரம்பு வழியே மருந்தை அளவாகச் செலுத்தும் கருவியான இன்ஃப்யூஷன் பம்ப் பற்றிய பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றிருந்த ஒரு புதிய செவிலியர் தங்கை, நைட் டியூட்டியில் அடைப்பு அலாரம் அடித்தபோது, ஒலியை நிறுத்தும் பொத்தானையே மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டு நின்றாள். மருந்து செல்லும் குழாயைத் திறக்கவும் அடைக்கவும் உதவும் உருளைக் கிளாம்ப் மூடிக் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. பிறகு அதைக் கண்டு சட்டென்று திறக்கப் போனவளின் கையைச் சீனியர் சிஸ்டர் பிடித்து நிறுத்தினார். தேங்கிய அழுத்தத்தை முதலில் வெளியேற்றாமல் கிளாம்பைத் திறந்தால், குழாயில் சேர்ந்திருக்கும் மருந்து ஒரே வீச்சில் உள்ளே போய்விடும். பாடத்தில் நாங்கள் காட்டியிருந்த பம்ப் வேறு மாதிரி. அந்த வார்டில் இருந்தது வேறு. அவள் அழுதது இன்னும் என் நினைவில் இருக்கிறது. அழ வேண்டியவள் அவள் அல்ல.

அதன்பின் முறையை மாற்றினோம். பொதுவான காணொளிகளை எடுத்துவிட்டு, எங்கள் வார்டில் இருக்கும் அதே பம்ப், அதே மானிட்டர், அதே அவசரகால டிராலி ஆகியவற்றை எங்கள் சீனியர் சிஸ்டர்களே இயக்கிக் காட்ட, கைப்பேசியில் இரண்டு நிமிடப் படங்களாக எடுத்துச் சேர்த்தோம். கைத்திறன் தொடர்பான எதற்கும் தேர்வு மதிப்பெண் போதாது என்று வைத்து, பிரிசெப்டராக, அதாவது புதியவருக்கு வார்டில் வழிகாட்டியாக இருக்கும் சிஸ்டர் நோயாளியின் படுக்கையருகே நேரில் பார்த்து, மென்பொருளில் தம் பெயரில் பதிவு செய்த பிறகே அது முடிந்ததாகக் கொள்கிறோம். பிரிசெப்டருக்கு இது கூடுதல் வேலைதான். அதற்காக அன்றைய டியூட்டியில் அவருக்கு நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துத் தர நிர்வாகம் ஒப்புக்கொள்ளாவிட்டால், பதிவுகள் எல்லாம் ஷிப்ட் முடிவில் மொத்தமாகப் போடப்பட்டுவிடும். மென்பொருளை நிறுவுவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியது இதைத்தான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் வருபவர்களில் பலர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, செவிலியர் படிப்பை ஆங்கிலத்தில் முடித்தவர்கள். மருந்துப் பெயர்களையும் ஆர்டர்களையும் ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும் என்பதால் அவற்றை மாற்றவில்லை. ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற விளக்கத்தை மட்டும் தமிழில் குரல்பதிவாகச் சேர்த்தோம். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற, 20 துளிக்கு ஒரு மில்லி தரும் சொட்டுக் குழாய் செட்டில் நிமிடத்துக்கு 42 துளி எப்படி வருகிறது என்று தமிழில் ஒருமுறை கேட்டவர்கள், சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமலே கணக்குப் போட்டார்கள். விடுதியில் இணைய இணைப்பு சரியாக இராது என்பதால், செயலியில் பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி மிகவும் பயன்பட்டது.

செலவு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சர்வருக்குப் பணம் வேண்டும், அதைப் பராமரிக்க ஐ.டி. துறையில் ஒருவர் வேண்டும், அவ்வப்போது புதிய பதிப்புக்கு மாற வேண்டும். அதைவிடக் கேள்வித் தொகுப்பைப் புதுப்பிக்கும் வேலை ஓய்வதே இல்லை. மருந்தகம் ஒரு பிராண்டை மாற்றினால்கூடப் படமும் கேள்வியும் மாற வேண்டும். பாடம் படிக்கும் நேரத்தை டியூட்டி நேரமாகக் கணக்கிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 12 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு விடுதிக்குப் போகும் பெண்ணை, இரவில் தேர்வு எழுதச் சொல்வது நியாயம் அல்ல.

மென்பொருளுக்குள் கொண்டுவர முடியாதது ஒன்று உண்டு. இரவு 2 மணிக்கு நோயாளியின் மூச்சு வேகம் கூடுவதைப் பார்த்து, திட்டு விழுமோ என்ற பயத்தை மீறி மருத்துவரை அழைப்பதற்கான துணிவு அது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, தேவை என்று வரிசையாகச் சொல்லும் முறையைப் பாடமாக வைத்திருக்கிறோம். ஆனால் நான் மருத்துவராக நடித்து எரிச்சலோடு பேச, அவர்கள் தொலைபேசியில் சொல்லி முடிக்கும் பயிற்சியை நேரில்தான் நடத்துகிறேன். குரல் நடுங்குபவர்களுக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நடத்துகிறேன். அந்தப் பயிற்சிக்கு இவ்வளவு நேரம் எனக்குக் கிடைப்பது, மற்ற பாடங்களை மென்பொருள் சுமப்பதால்தான்.