ஒன்பது கட்டமும் மூன்று நிரந்தரமும்: கோ டாக் 9+ பற்றி ஒரு ஆச்சி

என் பேரனுக்கு இரண்டு வயது, டவுன் சிண்ட்ரோம். நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும், வாயில்தான் இன்னும் சொல் வரவில்லை. இங்கே நியூ ஜெர்சியில், வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். 'பார்ட் சி' என்கிற சட்டப்பிரிவின்படி நடப்பது. பேச உதவும் கருவிகளும் அதில் அடக்கம். அப்படி வருகிற பேச்சுத் தெரபிஸ்ட் இரவலாகக் கொண்டுவந்ததுதான் கோ டாக் 9+ என்கிற இந்தப் பேசும் பலகை. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, திருநெல்வேலிக்காரி. மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் இதோடு அதிகம் மல்லுக்கட்டியவள் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

பார்க்கப் பரீட்சை அட்டை மாதிரி, கைப்பிடி வைத்து இருக்கும். ஒன்பது கட்டங்கள், அவற்றோடு தனியாக மூன்று. படம் போட்ட தாளை உள்ளே செருகிவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நம் குரலில் ஒரு சொல்லைப் பதிய வேண்டும். பிள்ளை தொட்டு அழுத்தினால் அது பேசும். தாளையும், 'நிலை' என்கிற பதிவு அடுக்கையும் மாற்றினால் வேறு ஒன்பது சொல். இப்படி ஐந்து நிலை. அந்தத் தனி மூன்று மட்டும் எந்த நிலையிலும் மாறாது. மொத்தம் 48 சொல். இரண்டு ஏஏ பேட்டரி போதும்.

குரல் நம்முடையது என்பதுதான் இதன் பெரிய பலம். மகள் முதலில் செய்தி வாசிப்பவள் மாதிரி "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று பதிந்தாள். இந்த வீட்டில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? அழித்துவிட்டு நான் "தண்ணி" என்று பதிந்தேன். "இன்னும்" பதியும்போது குக்கர் விசில் அடித்துவிட்டது. மாற்றலாம் என்றால் பேரன் விடவில்லை, விசிலுக்காகவே அதை அழுத்திச் சிரிக்கிறான். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வாங்குகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது அந்த நிரந்தரமான மூன்று கட்டங்களில் எதை வைப்பது என்பதில்தான். மருமகன் "ப்ளீஸ்" வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சே வராத பிள்ளைக்கு முதலில் மரியாதையா சொல்லிக்கொடுப்பார்கள்? "இன்னும்", "வேணாம்", "இங்க வா" மூன்றையும் வைத்தோம். சோறு, குளியல், பார்க், பொம்மை எதற்கும் இவை செல்லும். படம் ஒட்டிய பண்டங்களின் பெயராகவே 48 சொல்லையும் நிரப்பினால், பிள்ளைக்கு ஓட்டல் மெனு கார்டு கொடுத்த கதைதான்.

"வேணாம்" வந்த பிறகு என் பாடு திண்டாட்டம். இட்லியை வாய்க்குக் கொண்டுபோனால் ஒரு கையால் என் கையைத் தள்ளி, மறு கையால் "வேணாம்". இன்னொரு வாய் என்று ஏமாற்றப் பார்த்தால் மறுபடி "வேணாம்", இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. முன்பு தட்டு பறக்கும். அதற்கு இது தேவலை. ஆனால் ஒன்று, அழுத்தினால் நாமும் நிறுத்தியாக வேண்டும். பிள்ளை சொல்வது நடக்காவிட்டால் கருவியை யார் மதிப்பார்கள்?

அவன் கையைப் பிடித்து அழுத்த வைக்கக் கூடாது, "அழுத்து, அழுத்து" என்று நச்சரிக்கவும் கூடாது என்று தெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேசும்போது நாம்தான் அழுத்திக் காட்ட வேண்டுமாம். பால் ஊற்றும்போது நானே "இன்னும்" அழுத்திவிட்டு ஊற்றுவேன். இதைச் செய்யப் பொறுமை இல்லாத வீட்டில் இந்தப் பலகை பரண் மேல்தான் கிடக்கும்.

"மெஷினைக் கொடுத்தால் அப்புறம் வாயையே திறக்க மாட்டானே" என்று ஊரிலிருந்து போன் போட்டுச் சொல்லாத உறவுக்காரர் இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் ரோம்ஸ்கி குழுவினர் 62 குழந்தைகளை வைத்து நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வை மகள் காட்டினாள். எல்லாரும் பேச்சு தாமதமான சின்னஞ்சிறுசுகள். பேசும் கருவியோடு பழகியவர்கள், வாய்ப்பேச்சுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட அதிகச் சொற்களைப் பயன்படுத்தினார்கள். வாயால் பேசுவதிலும் பின்தங்கவில்லை. இப்போதெல்லாம் உறவுக்காரர்களுக்கு நானே பாடம் எடுக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. சாப்பாட்டுத் தாள் செருகியிருக்கும்போது பிள்ளைக்குப் பார்க் போகத் தோன்றினால் அவனால் சொல்ல முடியாது. தாளை மாற்றப் பெரியவர் ஒருவர் வேண்டும். மாற்றுத் தாள்களைப் பின்பக்கமே செருகி வைக்க இடம் இருப்பது ஒரு ஆறுதல். அடுத்து விலை. 200 டாலருக்கு மேல், இந்தியாவுக்கு வரவழைத்தால் செலவு இன்னும் ஏறும். இரவல் கிடைத்தால் முதலில் இரவல்தான் வாங்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு, சென்னையில் உருவான ஆவாஸ் செயலி டேப்லெட்டில் தமிழ் பேசும். சொற்களும் இதைவிடப் பல மடங்கு.

மூன்று வயது முடிந்ததும் பொறுப்பு பள்ளி நிர்வாகத்துக்குப் போய்விடும், இந்தப் பலகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 48 சொல்லுக்குள் இவன் அடங்க மாட்டான் என்பதால் அதற்குப் பிறகு டேப்லெட்தான் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். எனக்கும் சம்மதமே. ஆனால் அதில் யூடியூப் இருக்கக் கூடாது, குக்கர் விசிலோடு அந்த "இன்னும்" இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.